லிபர்ட்டி தெருவைத் தாண்டி: சின்சினாட்டியில் ஓர் உணவு உலா

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து உணவு உலா ஒன்றைத் தொடங்கலாமா என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு எப்போதும் எந்தக் கடை, என்ன பண்டம் என்பதிலேயே நின்றுவிடும். "நீ ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதிக் கொடு, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில். அங்கிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் சின்சினாட்டி. அந்த ஊரின் ஓவர்-த-ரைன் பகுதி, இடிந்து கிடந்து பிறகு எழுந்த அமெரிக்க நகர்ப் பகுதிகளைப் பற்றிப் பேசும்போது தவறாமல் அடிபடும் பெயர். சரி, அங்கேயே போகலாம் என்று போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். மூன்று மணி நேரம், ஆறு கடைகள், மொத்தம் பன்னிரண்டு பேர்.

கூட அக்கா வந்தாள். என்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக ஊரிலிருந்து வந்திருந்தாள். கல்யாணங்களுக்கு கான்ட்ராக்ட் எடுத்துச் சமைப்பவள். ஐந்நூறு இலைக்கு எத்தனை படி அரிசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நான் தெருவைப் பார்க்கப் போனேன், அவள் அடுப்பைப் பார்க்க வந்தாள். இந்தக் குறிப்பில் உருப்படியான கவனிப்புகளில் பாதி அவளுடையவை.

பதிவுப் படிவத்தில் உணவுக் கட்டுப்பாடு என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவுக்காக "முட்டை, பால் உண்டு, கறி, மீன் கிடையாது" என்று எழுதியிருந்தேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

சந்தை

காலை பத்து மணிக்கு ஃபிண்ட்லே சந்தை வாசலில் கூடினோம். 1855 முதல் நடக்கும் சந்தை. ஒஹாயோவில் இடைவிடாமல் நடந்துவரும் பொதுச் சந்தைகளில் இதுதான் மூத்தது. இரும்புச் சட்டத்தின்மேல் நிற்கும் நீளக் கூடம், நடுவில் ஒரு கோபுரம். உள்ளே இறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டி, மசாலா. வெளியே காய்கறிக் கடைகள். கைடு அறுபதை நெருங்கும் பெண்மணி. மைக் தேவைப்படாத தொண்டை. மழை இல்லாத நாளிலும் கையில் மடக்கிய குடை. கூட்டம் சிதறினால் அதைத் தூக்கிப் பிடிப்பார், நாங்கள் போய் ஒட்டிக்கொள்வோம்.

முதலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்ட கதை நன்றாக இருந்தது.

ஓவர்-த-ரைன் என்றால் ரைன் நதிக்கு அப்பால். ஜெர்மனியில் ஓடும் நதி ஒஹாயோவுக்கு எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய பகுதி இது. நகர மையத்துக்கும் இதற்கும் நடுவே மியாமி-ஈரி கால்வாய் ஓடியது. பாலம் தாண்டி இங்கே வருவதை ரைனைத் தாண்டிப் போவதாக ஊர் கேலி பேச, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்தக் கால்வாய் இல்லை. 1920 வாக்கில் தண்ணீரை வடித்துவிட்டு அந்தப் பள்ளத்திலேயே சுரங்க ரயிலுக்கு வழி கட்டினார்கள். பாதியில் பணம் தீர்ந்தது. ரயில் ஒரு நாள்கூட ஓடவில்லை. மேலே சென்ட்ரல் பார்க்வே என்று சாலை போட்டு 1928-இல் திறந்துவிட்டார்கள். அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் இன்னும் சும்மாதான் கிடக்கிறது.

1900-இல் இந்தச் சின்னப் பரப்பில் ஏறக்குறைய 45,000 பேர் இருந்தார்கள். பீர் காய்ச்சும் ஆலைகள் வரிசையாக நின்றன. 1890 கணக்குப்படி வைன் தெருவில் மட்டும் 136 மதுக்கடைகள். மதுவுக்கு எதிராகக் கைக்கோடரியோடு கடை கடையாகப் போய் உடைத்துப் பேர் வாங்கிய கேரி நேஷன் அம்மையார் 1901-இல் இங்கே வந்தார், ஒரு கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, ஒரு தெரு முடிவதற்குள் களைத்து விழுந்திருப்பேன் என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். உணவு உலாவுக்கென்றே செய்து வைத்த கதை. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது: இங்கே வாழ்ந்தவர்களின் கதையைக் கைடு 1901-இல் நிறுத்தினார். அடுத்த வாக்கியம் 2012-இல் தொடங்கியது.

வில்லை

இரண்டாவது நிறுத்தம் ஓர் இறைச்சிக் கடை. இங்கே கொடுத்தது கெட்டா. சின்சினாட்டிக்கு வெளியே பெரும்பாலான அமெரிக்கர்களுக்கே தெரியாத பண்டம் இது. பன்றிக்கறியும் மாட்டுக்கறியும் வெங்காயமும் போட்டு, ரவையைவிடப் பெரிய குறுநொய்யாக உடைத்த ஓட்ஸைச் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி, அச்சில் ஊற்றி ஆறவைத்துக் கட்டியாக்குகிறார்கள். அப்புறம் வில்லை போட்டு வாட்டுவது. கறி கொஞ்சம்தான் இருக்கும், வீட்டில் வாய்கள் அதிகம், அதனால் தானியம் சேர்த்துக் காண வைத்தார்கள் என்று கைடு சொன்னார். நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு விளங்கிவிட்டது. "காணாததைக் காண வைக்கிறதுதானே சமையலே" என்றாள்.

கடைக்காரர் ஒரு வில்லையை இரும்புக் கல்லில் போட்டார். பார்க்கச் சாம்பல் நிறம், பசி வரவழைக்கும் நிறமே இல்லை. எண்ணெய் ஊற்றவில்லை, அதிலிருந்தே கொழுப்பு உருகி ஓரத்தில் பொரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கூட்டத்தில் ஒருவர் "கருகிவிடாதா?" என்று கேட்டார். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கல் தானாக விடும்வரைக்கும் தொடக் கூடாது, அவசரப்பட்டால் பாதி கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்றார். அப்புறம் கரண்டியின் விளிம்பை ஓரத்தில் விட்டார். வில்லை சறுக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் செம்பழுப்பு, ஓட்ஸ் குறுநொய் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பொரிந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மேலே மொறுமொறு, உள்ளே குழைவு. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அக்காவுக்கு என்ன என்று கேட்டேன். கைடு கடைக்காரரைப் பார்த்தார், கடைக்காரர் கைடைப் பார்த்தார். யாருக்கும் சேதி போகவில்லை. கடைசியில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒன்றையும் ஒரு ரொட்டித் துண்டையும் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த நிறுத்தத்திலும் இதே கதைதான். அது சின்சினாட்டி சில்லி: மாட்டுக்கறிக் குழம்பை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றி, மேலே மலைபோல் துருவிய சீஸ். ஸ்பகெட்டி, குழம்பு, சீஸ் மூன்றும் இருந்தால் மூவழி. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் நால்வழி. இரண்டுமே சேர்ந்தால் ஐவழி. 1922-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜீஃப் சகோதரர்கள் வைன் தெருவில் எம்ப்ரஸ் என்ற நாடகக் கொட்டகையை ஒட்டித் தொடங்கியது. அக்கா கிண்ணத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். "மிளகாய்ன்னு பேர் வெச்சிருக்கான், பட்டையும் கிராம்புமில்ல மணக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வெறும் ஸ்பகெட்டியும் சீஸும் வந்தன.

எனக்குக் கோபம்தான். பணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. அக்காவுக்குக் கோபம் இல்லை, தொழில் ஆர்வம். "நீ எழுதிக் கொடுத்தே, ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்கிட்டான். பரிமாறுற ஆள் கைக்கு அது வரலை. எங்க பந்தியில சக்கரைக்காரங்க எத்தனை பேரு, எந்த வரிசைன்னு கரண்டி பிடிக்கிறவன் காதுல போடாம இலை போட மாட்டோம்" என்றாள். பிறகு கைடிடம் கேட்டதில், பதிவு விவரம் அவருடைய கைப்பேசிக்கு அன்று காலைதான் வந்ததாம், கடைகளுக்கோ எண்ணிக்கை மட்டும்தான் போகுமாம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு தட்டு. யார் அந்தப் பன்னிரண்டு என்பது யாருக்கும் தெரியாது.

சந்தையை விட்டுக் கிளம்பும்போது அக்கா ஒரு காய்கறிக் கடை முன்னால் நின்றுவிட்டாள். அரசின் உணவு உதவி அட்டை இங்கே செல்லும் என்று பலகை வைத்திருந்தார்கள். அந்த அட்டையில் காய், பழம் வாங்கினால் அதே தொகைக்கு இன்னும் காய், பழம் வாங்கிக்கொள்ளும் ஊக்கத் திட்டமும் இந்தச் சந்தையில் உண்டு. ஒரு பாட்டி கீரைக்கட்டை எடைபோடச் சொல்லி அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டம் அவருக்கு வழிவிடாமல் நடைபாதை முழுக்க நின்றிருந்தது. "இங்க குடியிருக்கிறவங்க சாமான் எங்கடா வாங்குவாங்க?" என்று அக்கா கேட்டாள். கைடிடம் கேட்டேன். இந்தச் சந்தையில், இல்லாவிட்டால் நகர மையத்தில் புதிதாக வந்த பெரிய கடையில் என்றார். வைன் தெருவிலேயே இருந்த குரோகர் கடை 2019-இல் மூடப்பட்டது. குரோகர் 1883-இல் இதே ஊரில் பிறந்து நாடு முழுக்கப் பரவிய மளிகைக் கடைத்தொடர். உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த தெருவில் இருந்த மளிகைக் கடை போய்விட்டது. உலாவின் பேச்சில் இது வராது. அக்கா கேட்டதால் வந்தது.

இருபத்தொரு மீட்டர்

சந்தை இருப்பது லிபர்ட்டி தெருவுக்கு வடக்கே. பளபளக்கும் உணவகங்கள் தெற்கே. நடுவில் லிபர்ட்டியைக் கடக்க வேண்டும். எழுபது அடி, அதாவது சுமார் 21 மீட்டர் அகலம். இரு பக்கமும் 19-ஆம் நூற்றாண்டின் ஒடுக்கமான நான்கு மாடிச் செங்கல் வீடுகளுக்கு நடுவே நடந்து பழகிய கண்ணுக்கு அது தெருவாகவே தெரியவில்லை, நெடுஞ்சாலை வழிதவறி வந்த மாதிரி இருந்தது. பச்சை விளக்கு விழுந்தது, ஆறு பேர் கடந்தோம், சிவப்பு விழுந்தது. மீதி ஆறு பேர் கைடோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அவர்கள் வந்து சேர்ந்ததும் அக்கா என் காதில், "இவ்வளவு அகலம் எதுக்குன்னு கேளு" என்றாள். கேட்டேன். கைடு கொஞ்சம் யோசித்துவிட்டு, 1950-களில் கார்களுக்காக அகலப்படுத்தினார்கள், அதற்கு முன்பு இதுவும் மற்றத் தெருக்கள் போலத்தான், ஒரு பக்க வீடுகளை இடித்துவிட்டார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார், நாங்கள் நடக்கத் தொடங்கிவிட்டோம். பின்னால் வந்தவர்களுக்கு அதுகூடக் கேட்டிருக்காது.

ஆனால் 1901-க்கும் 2012-க்கும் நடுவே கைடு தாண்டிப் போன நூறு வருடத்துக்கும் இந்த இருபத்தொரு மீட்டருக்கும் உறவு உண்டு. அதை நான் வீட்டுக்கு வந்து படித்துச் சேர்த்துக்கொண்டேன். முதல் உலகப் போரில் ஜெர்மன் என்ற சொல்லே ஆகாமல் போனது. 1918-இல் தெருக்களின் ஜெர்மன் பெயர்களை மாற்றினார்கள். மதுவிலக்கு வந்ததும் ஆலைகள் மூடின. வசதி வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் மலைமேட்டுப் புறநகர்களுக்குப் போய்விட்டன. காலியான வீடுகளுக்கு அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து ஏழை வெள்ளையர்கள் வந்தார்கள். பக்கத்து வெஸ்ட் எண்ட் பகுதியை 1950-களின் கடைசியில் நெடுஞ்சாலைக்கும் ஆலை நிலத்துக்குமாக நகராட்சி இடித்துத் தள்ளியது. அதில் வீடிழந்தவர்கள் 25,000-க்கும் மேல், ஏறக்குறைய எல்லோருமே கறுப்பர்கள். பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆக, சாலைக்காக ஓரிடத்தில் இடித்தது இன்னோர் இடத்தில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. வேலையும் முதலீடும் அவர்களோடு வரவில்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே மிஞ்சியவர்கள் 7,600 சொச்சம். ஒரு நூற்றாண்டில் ஆறில் ஒரு பங்கு.

கெட்டாவின் கதையில் "கறி காணாமல் தானியம் சேர்த்த ஏழைகள்" இருந்தார்கள். அந்த ஏழைகளைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் இல்லை, ஏனென்றால் அவர்களுடைய பேரன்கள் இன்று புறநகரில் வீடு கட்டிவிட்டார்கள். அதே வீடுகளில் பின்னால் வந்து வாழ்ந்த ஏழைகள் என்ன சமைத்தார்கள்? ஆறு நிறுத்தங்களில் ஒன்றில்கூட அதற்கு விடை இல்லை. உணவைச் சொல்லி ஒரு பகுதியின் கதையைச் சொல்லப் போகிறோம் என்றால், அரை நூற்றாண்டு அங்கே உலை வைத்தவர்களின் பானை எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது. என் பார்வையில் இந்த உலாவின் பெரிய ஓட்டை இதுதான். காய்கறிச் சாப்பாடு வராமல் போனதைக் கைப்பேசிச் செய்தி ஒன்றில் சரிசெய்துவிடலாம்.

ரிப்பப்ளிக் தெரு மூலை

லிபர்ட்டிக்குத் தெற்கே வாஷிங்டன் பூங்கா. எதிரே 1878-இல் கட்டிய மியூசிக் ஹால், செங்கல்லில் எழுந்த கோட்டை மாதிரி. பூங்காவைப் புதுப்பித்து, அடியில் கார் நிறுத்தமும் கட்டி 2012 ஜூலையில் திறந்தார்கள். கைடின் இரண்டாவது கதை இங்கேதான் தொடங்குகிறது: விளக்கு, புல்வெளி, இசை, குழந்தைகள் ஓடும் நீரூற்று. எல்லாம் உண்மை, அழகான இடம். முன்பு பகுதிப் பிள்ளைகள் பயன்படுத்திய நீச்சல்குளமும் கூடைப்பந்துத் தளமும் புதிய பூங்காவில் இல்லை என்பதும் உண்மை.

அங்கிருந்து வைன் தெருவுக்குப் போகும் வழியில் ரிப்பப்ளிக் தெரு குறுக்கிடுகிறது. ஒரு மூலையில் நின்று நாலாவது பண்டத்தை வாங்கிக்கொண்டோம்: பெல்ஜியம் பாணி வாஃபிள். மாவுக்குள் முத்து முத்தாகச் சர்க்கரைக் கட்டிகள். அச்சின் சூட்டில் அவை உருகி வெளியே கண்ணாடிபோல் இறுகிவிடும். அக்காவுக்கு அன்று முழுதாகக் கிடைத்த முதல் பண்டம் அதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைடு தெருப் பலகையைக் காட்டி, இதன் பழைய பெயர் பிரெமன் தெரு, 1918-இல் ஜெர்மன் வெறுப்பில் ரிப்பப்ளிக் ஆனது என்றார். பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சின்சினாட்டிப் புறநகரிலிருந்து மனைவியோடு வந்தவர், தணிந்த குரலில் கேட்டார்: "2001-இல் அந்தப் பையனைச் சுட்டது இங்கேதானே?" கைடு தலையாட்டினார். "ஆமாம், கொஞ்சம் தள்ளி, அந்தச் சந்தில்." ஒரு விநாடி யாரும் மெல்லவில்லை. பிறகு கைடு குடையைத் தூக்கினார்.

திமோத்தி தாமஸ். வயது 19, கறுப்பர், கையில் ஆயுதம் இல்லை. 2001 ஏப்ரல் 7 அதிகாலை போலீஸ் துரத்தியபோது ரிப்பப்ளிக் தெருவை ஒட்டிய சந்தில் சுடப்பட்டு இறந்தார். அதைத் தொடர்ந்த கலவரம், 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்துக்குப் பிறகு அதுவரை அமெரிக்க நகரம் ஒன்று கண்ட பெரிய கலவரம். ஊரடங்கு போட்டார்கள். மறுவருடம் போலீஸ் நடைமுறையை மாற்ற ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 2003-இல் நகராட்சித் தலைமையும் ஊரின் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து 3சிடிசி என்ற லாப நோக்கற்ற மேம்பாட்டு அமைப்பைத் தொடங்கின. அது வைன் தெருவைச் சுற்றிக் கட்டடங்களை மொத்தமாக வாங்கிப் போட்டு, பழுது பார்த்து, கீழ்த்தளத்தில் உணவகங்களைக் கொண்டுவந்தது. உணவகம் ஏன் முதலில்? இரவு பதினோரு மணிவரை விளக்கு எரியும், வாசலில் ஆள் நிற்கும், பயந்தவர்களுக்கு வர ஒரு காரணம் கிடைக்கும். துணிக்கடை ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும். அதாவது நாங்கள் நடந்துகொண்டிருந்த உலாவுக்கே 2001-தான் பிறந்த தேதி என்று சொல்லலாம். இந்தப் பகுதி 2006-இல்கூட நாட்டின் அழியும் நிலையில் உள்ள வரலாற்றிடங்கள் பட்டியலில்தான் இருந்தது.

இதை எப்படிச் சொல்வது? வாயில் இனிப்போடு ஒரு பையனின் சாவைக் கேட்பது தகாது என்று கைடு நினைத்திருந்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதே மூலையில் 1918 கதையைச் சொல்லிவிட்டு 2001-ஐ விடுவது வேறு. அக்காவிடம் காரில் வரும்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். "சாவு வீட்டைத் தாண்டும்போது கல்யாண ஊர்வலத்துல மேளத்தை நிறுத்திட்டுப் போவாங்க இல்ல? அது மாதிரி கையில ஒண்ணும் குடுக்காம, நடக்கிறப்பவே ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். தின்ன வெச்சதுதான் தப்பு" என்றாள். பூங்காவுக்கும் வாஃபிளுக்கும் நடுவே அந்த இரண்டு வார்த்தைக்கு ஐந்து நிமிட நடை இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் கைடு எங்களிடம் யார் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

கணக்கு

ஐந்தாவதாக டாக்கோ, ஆறாவதாக ஐஸ்கிரீம். யாராலும் முடிக்க முடியவில்லை. இனிப்பு வாஃபிளுக்கு அப்புறம் காரமான டாக்கோ ஏன் என்று அக்கா முகம் சுளித்தாள். வரிசையை நாக்கு தீர்மானிக்கவில்லை, கடைகளின் ஓய்வு நேரம் தீர்மானிக்கிறது. டாக்கோக் கடை பதினொன்றரைக்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்காது. வாஃபிள் கடையில் பன்னிரண்டுக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் இனிப்பு முந்திவிட்டது.

கடைசியில் கைடோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினேன். கடைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று உலா நடத்துபவர்கள் கொடுக்கிறார்கள், வழக்கமான விலையைவிடக் குறைவு. கடைக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வந்தவர்களில் சிலர் பிறகு தனியாக வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒத்துக்கொள்கிறார்கள். செவ்வாய், புதன் காலைகளில் கூட்டம் போனால் கடைக்காரர் முகம் மலர்கிறது, உட்காரவைத்துப் பேசுகிறார். சனிக்கிழமை போனால் எங்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் கண்ணால் கண்டதுதான்: கெட்டா கடைக்காரர் கையைக் கட்டி நின்ற அந்த இரண்டு நிமிடம் அவருக்குச் சும்மா கிடைத்ததல்ல, பின்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் சீட்டு விற்பது சனிக்கிழமைக்குத்தான். கடைக்கு வேண்டிய நாளும் வாடிக்கையாளருக்கு வேண்டிய நாளும் ஒன்றாக இல்லாததுதான் இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல். நண்பர்கள் ஒரு வருடப் பேச்சில் ஒரு தடவைகூட இதைத் தொட்டதில்லை.

மற்றொன்று. வைன் தெருவில் எங்களை வரவேற்ற கடைகளுக்கு மேலே இருக்கும் வீடுகளின் வாடகை இந்தப் பகுதியின் பழைய ஆட்களுக்கு எட்டாதது. 2002-க்கும் 2015-க்கும் இடையில் மிகக் குறைந்த வாடகை வீடுகளில் 73 சதவீதம் இங்கே இல்லாமல் போனது. உணவு உலாதான் வாடகையை ஏற்றியது என்று சொன்னால் அது அபாண்டம். ஏறின வாடகையின் மேல் நடக்கிற தொழில் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதற்கு மாற்றாகச் செய்யக்கூடியதும் பக்கத்திலேயே இருந்தது. 2016-இல் சந்தையை ஒட்டித் தொடங்கிய ஃபிண்ட்லே கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தில், சொந்தக் கடை போட வசதியில்லாதவர்கள் அடுப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துச் சமைத்து விற்கிறார்கள். பெண்களும் கறுப்பர்களும் குடியேறிகளும் தொடங்கிய சிறு தொழில்கள் அதில் நிறைய. எங்கள் கூட்டம் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆறில் ஒரு தட்டு அங்கிருந்து வந்திருந்தால், "பின்னால் வந்தவர்கள் என்ன சமைத்தார்கள்" என்ற கேள்விக்கு ஓர் ஆரம்பமாவது கிடைத்திருக்கும்.

எழுதிக் கொடுத்தது

கார் சந்தையருகே நின்றிருந்தது. திரும்பி நடக்க அக்காவுக்குக் கால் வலி, அதனால் தெரு ரயிலில் ஏறினோம். 2016-இல் ஓடத் தொடங்கியது, இப்போது கட்டணம் இல்லை. எல்ம் தெரு வழியாக மியூசிக் ஹாலைத் தாண்டி, லிபர்ட்டியைத் தாண்டிச் சந்தைக்கு வந்துவிட்டது. சில நிமிடம்தான். காலையில் கீரை வாங்கிய பாட்டியைப் போலவே துணிப்பையோடு நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள். "மூணு மணி நேரம் நடக்கவெச்சதை மூச்சு விடறதுக்குள்ள திருப்பிக் காட்டிட்டான்" என்றாள் அக்கா.

நண்பர்களுக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு பேர் அதிகம், எட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள், சிக்னலில் கூட்டம் உடையும். ஆறு தட்டு வேண்டாம், நாலு போதும். மிச்சப்படும் பணத்தை அந்த நாலு கடைக்கே கூட்டிக் கொடுங்கள். யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பது முந்தைய நாள் மாலையே கடைக்காரர் கையில் இருக்க வேண்டும், எண்ணிக்கையாக அல்ல, ஆளாக. வாரநாள் காலைக்கு விலையைக் குறைத்து விற்றுப் பாருங்கள். கைடு எந்த வருடத்தில் நிறுத்துகிறார், எந்த வருடத்தில் மறுபடி தொடங்குகிறார் என்று எழுதி வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதை நடக்கும்போது சொல்லச் சொல்லுங்கள். பகுதியில் இப்போது குடியிருக்கும் ஒருவரின் சமையல் ஒன்றாவது இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒருவன் உடனே பதில் போட்டான்: "வாஃபிள் எந்தக் கடை?"

மறுநாள் காலை அக்கா ஸ்டீல்-கட் ஓட்ஸ், அதாவது கெட்டாவில் போடும் அந்தக் குறுநொய் ஓட்ஸ், வாங்கிவரச் சொன்னாள். கறிக்குப் பதில் காளானும் வெங்காயமும் போட்டு, மிளகு கூட்டிக் கிண்டி, ரொட்டி அச்சில் ஊற்றி ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாள். அடுத்த நாள் காலை வில்லை போட்டுத் தோசைக்கல்லில் வைத்தாள். அன்று எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். கருகுது, கருகுது என்று பின்னால் நின்று நான் நச்சரித்தேன். அவள் கரண்டியை விட்டாள். பாதி கல்லிலேயே நின்றுவிட்டது. "போய் உன் மீட்டிங்கைப் பாரு" என்றாள். இரண்டாவது வில்லையை நான் மீட்டிங் முடித்து வந்துதான் சாப்பிட்டேன். முழுசாக வந்திருந்தது.